வலி அப்படியேதான் இருக்கு

“மையத்தை மூடப் போறீங்களாமே? நல்லாயிருக்கும்மா உங்க நியாயம்.”

வந்த வேகத்தில் அவள் அலுவலக அறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஓய்வுபெற்ற தபால்காரர். அவருக்குப் பின்னால் அவரைப் போலவே முட்டி வலி மையத்தின் நெடுநாள் நோயாளிகள் நான்கு பேர், சண்டைக்கு வந்தவர்களைப் போல முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

சுகாதாரப் பொருளாதார நிபுணரான அவளுக்குச் சங்கடமாக இருந்தது. அரசு பணம் போட்டு நடத்தும் மருத்துவத் திட்டங்களால் மக்களுக்குப் பலன் உண்டா என்று பார்த்துச் சொல்வது அவள் வேலை. அவள் ‘இல்லை’ என்று எழுதினால் திட்டம் காலி.

“நானா மூடறேன்? நீங்க சொன்னதைத்தானே எழுதினேன். வருஷம் முழுக்கப் பயிற்சி எடுத்துட்டு, வலி எப்படி இருக்குன்னு கேட்டா ‘அப்படியேதான் இருக்கு’ன்னு எல்லாரும் ஒரே பாட்டு.”

“இருக்கறதைத்தானேம்மா சொல்ல முடியும்?” என்றார் நின்றவர்களில் ஒருவரான தையல்கார அம்மா.

“அப்போ பலன் இல்லாத இடத்தை எதுக்கு நடத்தணும்?”

தபால்காரர் தலையைச் சொறிந்தார். “பலன் இல்லேன்னு யாரு சொன்னா? அங்க போனாத்தான் பொழுது போகுது. சீட்டாட ஆள் கிடைக்குது. வீட்டுல இருந்தா மருமக காய் நறுக்கச் சொல்றா.”

“ஐயா, அது முட்டிக்கு வைத்தியம் பண்ற இடம். குணமானவங்க கிளம்பினாத்தான் வெளியே காத்திருக்கிறவங்க வர முடியும். உங்கள்ல ஒருத்தர்கூட இன்னும் குணமாகலை. நான் என்ன பண்ண?”

அவளுக்கும் மனசு கேட்கவில்லை. மையத்தில் பயிற்சி கொடுக்கும் பெண் எப்படிப் பாடுபடுகிறாள் என்பதை நேரிலேயே பார்த்திருந்தாள். மூடினால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடும்.

“கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அதை வெச்சு மேல பேசிப் பார்க்கறேன்.”

ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“துளிகூட இல்லைம்மா” என்றார் தபால்காரர் உறுதியாக. “ராத்திரி தூக்கமே கிடையாது.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார், அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டிய இயக்குநர். நாற்பதைத் தாண்டாதவர். சட்டை வியர்வையில் நனைந்திருக்க, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“கொஞ்சம் தண்ணி குடுங்க மேடம். காலையிலேருந்து லிஃப்ட் ஓடலையாம். நாலு மாடி ஏறி வர்றதுக்குள்ள உயிரே போயிடுச்சு.”

அவள் மெல்லத் திரும்பினாள். ஐந்து பேரின் கைகளும் அவசரமாக முட்டிக்குப் போயின.

“மையத்தை மூட வேண்டாம் சார்” என்று சொல்லி அறிக்கையைக் கிழித்தாள் அவள். “இவங்க அஞ்சு பேரை மட்டும் இன்னைக்கே வெளியே அனுப்பிடுங்க.”