ஓடைக்கு அந்தப் பக்கத்து ட்ரிக்கர்

தேர்தலுக்காக ஊர்க்காரர்கள் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்த துப்பாக்கிகளைக் கழற்றி எண்ணெய் போட்டுத் துடைத்தபோது, வனராசுவின் பழைய ரைஃபிளுக்கும் அவர் தம்பி தவமணியின் புது ரைஃபிளுக்கும் ட்ரிக்கரை மாற்றி மாட்டிவிட்டேன். ஒரே கம்பெனி, வருடம்தான் வேறு. பொருந்தியும் தொலைத்தன. இப்போது அண்ணனுடையது எவ்வளவு இழுத்தாலும் சுடாது. தம்பியுடையது போல்ட்டைத் தள்ளி மூடினாலே வெடிக்கிறது. முந்தாநாள் கூரையில் ஓட்டை விழுந்து, தவமணி என்னைத் திட்டியது ஓடை தாண்டிக் கேட்டதாம்.

இரண்டு துப்பாக்கியும் கைக்கு வந்தால் திருப்பி மாட்டப் பத்து நிமிடம் போதும். ஸ்டேஷன் மூலமாக எழுத்தில் கேட்டு வாங்கினால் என் தப்பு மேலிடத்துக்குத் தெரிந்துவிடும். ஓடைக்கு இந்தப் பக்கம் அண்ணன் வீடு, அந்தப் பக்கம் தம்பி வீடு, பதினெட்டு வருடமாகப் பேச்சில்லை. காலையிலிருந்து ஸ்குரூ டிரைவரும் கையுமாக அந்தப் பலகைப் பாலத்தை ஆறு தடவை கடந்துவிட்டேன்.

"மொதல்ல அவரு குடுக்கட்டும்" என்றார் தவமணி.

"மொதல்ல அவன் குடுக்கட்டும்" என்றார் வனராசு.

"உங்க தம்பி உசுரு போயிரும்யா!" என்று கத்தினேன்.

"எந்துப்பாக்கி சுடாட்டிப் போகுது ஏட்டையா. அவன் துப்பாக்கில இருக்குறது என்னோட ட்ரிக்கருல்ல? போல்ட்ட மூடுறப்பல்லாம் என்னய நெனச்சுப் பயப்படட்டும்."

அந்தப் பக்கம் ஒரு வெடி கேட்டது.

வனராசு தம்பி வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டும் சத்தம் எதுவும் வரவில்லை. சட்டென்று உள்ளே போய்த் துப்பாக்கியை எடுத்துவந்து என் கையில் திணித்தார்.

"கழட்டுங்க ஏட்டையா. சீக்கிரம் கழட்டுங்க."