வழி விடாத மேப்

ஹிஸ்டரி அசைன்மென்டுக்காக அப்பாசிய கலீபாக்களின் மலை மாகாணமான ஜிபாலை என் கிளாஸ்மேட் அபிஷேக் பிரவுன் பென்சிலால் வளையமாகத் தீட்டினான். பாக்தாத் போகும் கணவாய்க்கு இடைவெளி விட மறந்துவிட்டான். நேற்று சித்ரா மேடத்திடம் கொடுத்தாயிற்று.

இன்று அவனுக்கு அம்பத்தூரில் இன்டர்வியூ. சேக்காட்டில் மஞ்சள் ஷேர் ஆட்டோவில் ஏறினோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ரோட்டை மறித்து மலை நின்றது.

"நேத்து இல்லியே அண்ணாத்தே?" என்றான் அபிஷேக்.

"அத்த என்னாண்ட கேட்டா? சுத்திகினு போவலாம், குந்து நைனா," என்றார் டிரைவர்.

சுற்றினோம். மறுபடியும் சேக்காடே வந்தது. அபிஷேக் மேடத்துக்கு போன் போட்டான்.

"மேடம், மேப்புல கொஞ்சம் ரப்பர் வச்சு அழிச்சிடுங்களேன்."

"எதுக்குப்பா? அழகா இருந்துது, லேமினேட் பண்ணி மாட்டிட்டேன்," என்றவர் போட்டோவும் அனுப்பினார்.

பிரவுன் வளையத்துக்குள் அபிஷேக் வைக்காத மஞ்சள் புள்ளி ஒன்று இருந்தது.