எதிர்மாடிப் பச்சை விளக்கு

“லேப்டாப்புக்குக் கட்டின ரெடிமேட் கோடு லைப்ரரி இந்தச் சின்ன சர்க்யூட் போர்டுல எப்படிடா ஓடும்?” என்று எதிர்மாடியில் ஆரணி கத்தினாள்.

“நாம எழுதுறதைக் கம்பைலர்தான் போர்டு மொழிக்கு மாத்தித் தருதே!” என்று எகிறினான் இன்பா.

“அது உன் புரோகிராமைத்தான் மாத்தும். கூடப் போற லைப்ரரியையும் போர்டுக்குன்னே தனியாக் கட்டணும், மண்டு!”

அவர்கள் கம்பெனியில் அவர்கள் இருவர்தான். சாயங்காலம் போர்டைப் பார்த்து ஆர்டர் கொடுக்க ஆள் வருகிறார். அதில் விளக்கு எரியாவிட்டால் கம்பெனியை மூடிவிட்டு ஆளுக்கொரு ஊர். எனக்கென்ன? என் மாடியில் காய்ந்த துணியையே திரும்பக் காயப்போட்டபடி நின்றேன்.

லைப்ரரியை மறுபடி கட்டி ஏற்றினார்கள். உள்ளங்கையளவு போர்டில் பச்சை விளக்கு மினுங்கியது. இருவரும் குனிந்து அதையே பார்த்தார்கள். “அப்பாடா!” என்று நான்தான் கத்திவிட்டேன்.

ஆர்டர் கிடைத்தது; தையில் கல்யாணமும் செய்துகொண்டு கோவைக்குப் போனார்கள். போகும்போது என் கையில் கொடுத்த அந்த போர்டு இப்போது என் ஜன்னலில் மினுங்குகிறது. “எதுக்குக்கா இது?” என்று தெருவே கேட்கிறது. தெருக்கதையெல்லாம் சொல்கிற நான் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.