கெண்டைகளின் மரியாதை

இந்தக் கதையைப் பல வருடங்களாக நான் நம்பவில்லை. அவ்வளவு மரியாதையாகப் பேசுகிறவர்கள் அப்படிச் செய்வார்களா என்பதுதான் என் சந்தேகம். சொன்னது ஓர் ஆமை. ஜப்பானில் ஒரு தோட்டக் குளத்தில் வாழ்ந்தது.

அங்கே வண்ணக் கெண்டைகளுக்கு நடுவே ஒரு சாம்பல் மீன் இருந்தது. அதன் தாய் கடல் தாண்டி வாளியில் வந்தவள். இது அந்தக் குளத்திலேயே பிறந்தது. கெண்டைகள் அதைப் பார்க்கும்போதெல்லாம் பாராட்டும்.

“அடடா, எங்க தண்ணியில எவ்வளவு அழகா நீந்துறீங்க! ஊருக்கு எப்போ திரும்புறீங்க?”

“நான் பொறந்ததே இங்கதாங்க.”

“அதைக்கூட எவ்வளவு அழகா சொல்றீங்க!”

மேல்தண்ணீர் உறையும் குளிர்காலம் வந்தது. கெண்டைகள் குளத்தின் உறையாத நடுக்குழியில் இறங்கி ஒண்டிக்கொண்டன. சாம்பல் மீனும் வந்து, “கொஞ்சம் நகர்ந்துக்கறீங்களா?” என்றது.

“இங்க உங்களுக்கு வசதிப்படாதே,” என்றது மூத்த கெண்டை. “உங்க ஊர்த் தண்ணிதான் உங்களுக்கு ஒத்துக்கும்.”

சாம்பல் மீன் தலைவணங்கிவிட்டு மேலே போனது. பனிக்கட்டி உருகியதும் கரையோரம் செத்து மிதந்தது. கெண்டைகள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. “சொல்லாமலே ஊருக்குப் போயிட்டாரே,” என்று வருத்தப்பட்டன.

போன வாரம் ஆமையிடம் கேட்டே விட்டேன்:

“நீயும் அந்தக் குழியிலதானே படுத்திருந்தே? இன்னும் ஒருத்தருக்கு அங்க இடம் இருந்ததா?”