குறையில்லாத வீடு

"ஏங்க, தெருமுனையில ஒரு குடை வருது. நடையைப் பார்த்தா நம்ம வீட்டுக்காரர் மாதிரி இருக்கு."

ஜன்னலில் நின்ற மனைவி இப்படிச் சொன்னதும், கூடத்தில் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்த தையல்காரர் கையிலிருந்த வாளியை அப்படியே விட்டுவிட்டார். மழை கொட்டுகிற வேளையில் வீட்டுக்குச் சொந்தக்காரர் வருகிறார் என்றால், அதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும்.

அது மிகப் பழைய வீடு. தெருவுக்குத் தார் போட வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய சாலையின் மேலேயே புதியதைப் போட்டுவிட்டுப் போனதால், வீடு இருந்த இடத்திலேயே பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது. முற்றத்தில் விழும் மழைநீர் வெளியே போகட்டும் என்று அந்தக் காலத்தில் கட்டிய ஜலதாரை, இப்போது தெருத் தண்ணீரை மரியாதையோடு உள்ளே அழைத்து வந்தது.

வெட்டித் தள்ளிய துணித்துண்டுகளைத் தலையணை உறையில் திணித்து அந்தத் துவாரத்தை அடைப்பது, தையல் இயந்திரத்தைப் பெஞ்சின் மேல் ஏற்றுவது, தைக்க வந்த துணிகளைப் பரணில் போடுவது, அதற்கும் மிஞ்சி வரும் தண்ணீரை இறைத்துக் கொட்டுவது என்று கணவனும் மனைவியும் இந்தக் கலையில் தேர்ந்துவிட்டார்கள். ஆனால் அதைப் பற்றி வெளியே ஒரு வார்த்தை விட்டதில்லை.

காரணம், குடிவந்த அன்று தரகர் காதோடு காதாகச் சொல்லிவிட்டுப் போன சேதி. வீட்டுக்காரர் இதை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டத் துடித்துக்கொண்டிருக்கிறாராம். அவருக்கு வேண்டியது ஒரு சாக்குத்தானாம். தண்ணீர் என்று வாயைத் திறந்தால் மறுநாளே கடப்பாரையோடு ஆள் வந்து நிற்குமாம். தையல்காரரின் பிழைப்போ எதிரே இருந்த பள்ளிக்கூடத்தை நம்பியிருந்தது. பிள்ளைகளை விட வருகிறவர்கள் அப்படியே சீருடைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். வேறு தெருவில் அவரைத் தேடிக்கொண்டு யார் வருவார்கள்?

"நான் வராந்தாவுலயே அவரை மடக்கிடறேன். நீ சத்தமில்லாம இறைச்சுக்கிட்டிரு," என்றார்.

"முதல்ல மடிச்ச பேண்ட்டை இறக்கி விடுங்க. மீன் பிடிக்கப் போறவர் மாதிரி போய் நிக்காதீங்க."

பேண்ட்டை இறக்கி, காலைத் துடைத்து, கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு, கதவை முதுகுக்குப் பின்னால் சாத்தியபடி வெளியே வந்தார். வராந்தா மட்டும் ஒரு படி உயரம். அங்கே இன்னும் தண்ணீர் ஏறவில்லை.

வீட்டுக்காரர் குடையை மடக்கினார். இந்தப் பக்கம் சும்மா வந்ததாகச் சொன்னார். நல்ல மழை என்றார் ஒருவர். பயிருக்கு உதவும் என்றார் மற்றவர். அந்த வட்டாரத்தில் பயிர் என்று எதுவும் கிடையாது. உட்காரச் சொன்னதற்கு வீட்டுக்காரர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நின்றுகொண்டே இருந்தார்.

கதவுக்கு அப்பால் 'சளக், சளக்' என்று கேட்டது.

"உள்ள என்ன மாஸ்டர் சத்தம்?"

"துணி நனைக்கிறா சார். தைக்கிறதுக்கு முன்னாடி ஒருதரம் தண்ணியில போட்டு எடுத்துட்டா அப்புறம் சுருங்காது."

"இவ்வளவு துணியா?"

"பள்ளிக்கூடமே நம்மகிட்டதானே சார் தைக்குது."

அந்த நேரம் பார்த்துக் காற்று கதவைத் தள்ளியது. கூடத்தில் தையல்காரரின் அளவுகோல் முன்னே மிதந்துபோக, பிளாஸ்டிக் வாளி ஒன்று எஜமானைத் தொடரும் சேவகனைப் போல அதன் பின்னே போய்க்கொண்டிருந்தது. வீட்டுக்காரரின் பார்வை நேராக அதன் மேல் விழுந்தது. மறுகணமே அவர் தலையை நிமிர்த்தி, வராந்தாவின் உத்தரத்தில் கரையான் உண்டா என்று விசாரித்தார். மனிதருக்குக் கண்ணில் புரை விழுந்திருக்க வேண்டும் என்று தையல்காரர் நன்றியோடு நினைத்துக்கொண்டு, குதிகாலால் கதவை இழுத்துச் சாத்தினார்.

"மாஸ்டர், மனசுல எதையும் வச்சுக்காதீங்க. வீட்டுல குறைன்னு ஏதாவது இருந்தா சொல்லிடுங்க."

குரல் தேனாக இருந்தது. எலிப்பொறியில் வைத்த தேங்காய்ச் சில்லும் இப்படித்தான் மணக்கும் என்று எண்ணிக்கொண்டார் தையல்காரர்.

"ஒரு குறையும் இல்லை சார்."

"இல்லை, தண்ணி கிண்ணி…" வீட்டுக்காரர் இழுத்தார்.

"தண்ணியா? இந்த வீட்டுல தண்ணி வேணும்னா நான் குடத்தைத் தூக்கிக்கிட்டுத் தெருக்குழாய்க்குத்தான் சார் போகணும்."

வீட்டுக்காரர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். வந்த காரியம் கெட்டுப்போனவரின் பெருமூச்சு அது என்பதில் தையல்காரருக்குச் சந்தேகமே இல்லை.

குடை தெருவில் இறங்கிப் போனதும் அவர் உள்ளே வந்து, இனி இந்த வீட்டை யாரும் அசைக்க முடியாது என்று மனைவியிடம் அறிவித்துவிட்டு, பேண்ட்டை மறுபடி மடித்துக்கொண்டு தண்ணீர் இறைக்கக் குனிந்தார்.

அந்தப் பேச்சு எட்டாத தெருமுனையில், தார்ப்பாய் போர்த்திய தள்ளுவண்டியில் சிமெண்ட்டும் புதுக் குழாய்களுமாக ஒரு கொத்தனார் மழை விடுவதற்குக் காத்துக்கொண்டிருந்தார்.

"வண்டியைத் திருப்புங்க மேஸ்திரி," என்றார் வீட்டுக்காரர், முகமெல்லாம் மலர. "அந்த வாடகையை நம்பித்தான் என் குடும்பமே ஓடுது, முன்னாடி இருந்தவங்க மாதிரி இவரும் தண்ணிக்குப் பயந்து காலி பண்ணிடுவாரோன்னுதான் ஜலதாரையை மாத்திக் கட்ட உங்களைக் கூட்டிட்டு வந்தேன், அவருக்கு ஒரு குறையும் இல்லையாம்."