மேலாளரின் நாடித்துடிப்பு

கைப்பட்டையைக் காகிதத்தில் பொதிந்து மேலாளரின் மேசைமேல் வைத்தாள் குச்சியின் மனைவி.

"உங்களோடது சார். ஆஸ்பத்திரியில அவர் கையிலேருந்து கழட்டிக் கொடுத்தாங்க."

மேலாளர் கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு அதை இழுப்பறைக்குள் தள்ளினார்.

சற்று முன்புதான் கீழே குச்சிக்கான இரங்கல் கூட்டம் முடிந்திருந்தது. முப்பத்தொரு வயதில் மாரடைப்பென்றால் இந்தத் தலைமுறை உருப்படுமா என்று அரை மணி நேரம் குரல் தழுதழுக்கப் பேசியிருந்தார். சிகரெட், தூக்கமின்மை, கண்ட நேரத்தில் கண்டதைத் தின்பது என்று விரல் மடக்கினார். கடைசியில் தொந்தியைத் தட்டி, "என்னைப் பாருங்க, ஐம்பத்தாறு வயசு!" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கக்கூடாத கூட்டமாக இருந்தது அவர் அதிர்ஷ்டம்.

அவரைப் பார்க்கச் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. இதய நலத்துக்காக நிறுவனம் நடத்திய நடைப்போட்டியில் ஏழு வாரமாக அவர்தான் முதலிடம். நாளொன்றுக்கு இருபதாயிரம் அடி. நாற்காலியை விட்டு அவர் எழுந்து யாரும் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

நடந்தது குச்சி. கிடங்கின் மூன்று மாடியும் ஏறி இறங்கிச் சரக்கைச் சரிபார்ப்பது அவன் வேலை. ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு. அதனால்தான் அந்தப் பெயர். அடியையும் நாடியையும் எண்ணிக் கைபேசிக்கு அனுப்பும் கைப்பட்டையை அதிகாரிகளுக்கு மட்டுமே தந்திருந்தார்கள். இதயம் அவர்களுக்கு மட்டும்தான் இருக்கிறது என்று நிறுவனம் நினைத்திருக்கலாம். காலையில் மேலாளரின் பட்டையை வாங்கிக் கட்டிக்கொள்வான். மாலையில் மறக்காமல் திருப்பிக் கொடுப்பான்.

"நான் நடக்கறேன், சாருக்கு ஆயுசு கூடுது" என்பான். கிடங்கே சிரிக்கும்.

அவன் மனைவி போகாமல் நின்றுகொண்டிருந்தாள். முந்தானை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள்.

"அன்னிக்குக் காலையில நெஞ்சு கனக்குதுன்னார் சார். வாயுவா இருக்கும், சுடுதண்ணி குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னு நான்தான் அனுப்பினேன்." "அதுல நாடியெல்லாம் தெரியுமாமே. முன்னாடியே ஏதாச்சும் காட்டுச்சா சார்?"

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

காட்டியது. பன்னிரண்டு நாளுக்கு முன்பு, மதியம், அவருடைய கைபேசியில். 'உங்கள் இதயத் துடிப்பு சீராக இல்லை. உடனே மருத்துவரை அணுகவும்.'

அவருக்குக் குப்பென்று வியர்த்துவிட்டது. போட்டது போட்டபடி விட்டுவிட்டு, ஊரிலேயே பெரிய இதய மருத்துவரிடம் ஓடினார். நெஞ்செல்லாம் ஒயரை ஒட்டினார்கள், ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். "குதிரை மாதிரி இருக்கீங்க" என்றார் மருத்துவர்.

திரும்பி வரும் வழியில்தான், பட்டை யார் கையில் இருக்கிறது என்பது உறைத்தது. கார் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். வீட்டில் சொன்னார், அவர் மனைவியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

குச்சியிடம் சொல்லத்தான் நினைத்தார். சொன்னால் விடுப்புக் கேட்பான். போட்டி முடிய இன்னும் இரண்டு வாரம் இருந்தது. கணக்குப் பிரிவுக்காரர் நாலாயிரம் அடிதான் பின்னால் இருந்தார்.

அதற்குப் பிறகும் நாலு முறை எச்சரிக்கை வந்தது. மேற்கொண்டு வராதபடி கைபேசியில் அமைப்பை மாற்றிவிட்டார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"அது சும்மா அடி எண்ணுற சாமான்மா. ஒண்ணும் காட்டல."

அவள் மெல்லத் தலையாட்டினாள். ஏற்கெனவே தெரிந்ததை உறுதி செய்துகொண்டவள் போல.

"அப்போ நான்தான் சார்" என்றாள். "நான்தான் போகச் சொல்லிட்டேன்."

மேலாளர் எழுந்தார். ஏழு வாரத்தில் முதல் முறையாக மேசையைச் சுற்றி நடந்து வந்து, அவள் தலையில் கைவைத்தார்.

"நீ என்ன வேணும்னேவா பண்ணின? மனசைத் தேத்திக்கம்மா" என்று அவளை மன்னித்தார்.