எட்டு மீட்டர்

உலகப் போட்டியின் நீளம் தாண்டுதலில் ஞானதுரைக்கு மிஞ்சியிருந்தது கடைசித் தாண்டல் மட்டும்தான். கைகளைத் தலைக்கு மேல் உயர்த்தித் தட்டினான். மற்ற வீரர்கள் அப்படித் தட்டியபோது அரங்கமே சேர்ந்து தட்டியது. இப்போது யாரும் தட்டவில்லை. எல்லோரும் நூறு மீட்டர் ஓட்டத்துக்காகக் காத்திருந்தார்கள். தடுப்புக்கு அப்பால் நின்ற பயிற்சியாளர் ஃபெலிக்ஸ் மட்டும், "ஓடுறா, நேரமாகுது!" என்று கத்தினார்.

ஓடினான். பலகையில் கால் சரியாக விழுந்தது. அவன் காற்றில் இருக்கும்போதே அரங்கம் அதிர்ந்தது. மணலிலிருந்து எழுந்தான். தாண்டல் செல்லும் என்று வெள்ளைக் கொடி உயர்ந்தது. சற்றுப் பொறுத்துத் திரையில் எட்டு மீட்டரைத் தாண்டிய ஓர் எண் வந்தது. அவனும் ஃபெலிக்ஸும் பல வருடங்களாகத் துரத்திய தூரம். சிரித்தபடி திரும்பினான். அத்தனை பேரும் நூறு மீட்டரை வென்று ஓடுதளத்தில் கொடி போர்த்தி நின்ற ஒருவனுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஃபெலிக்ஸும்தான்.

தடுப்பருகே போய் நின்றான்.

"தாண்டிட்டியா? அந்தப் பக்கம் பாத்துட்டேன்டா. எவ்வளவு?"

"திரையில பாருங்க சார்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிமிர்வதற்குள் அங்கே வேறொருவன் பெயர் வந்துவிட்டது.

"நீயே சொல்லேன்டா."

ஞானதுரை ஷூவைக் கழற்றி மணலைக் கொட்டினான். கொட்டி முடிந்த பிறகும் அதைக் கவிழ்த்தே பிடித்திருந்தான்.